ஆட்டைக் கொன்றது யார்?
செந்நாய் மீது ஒரு குற்றச்சாட்டு – கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு துப்பறியும் விசாரணை

பொழுது விடிந்தது. ஆட்டுக்காரர் பட்டிப் படலைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன! ஒன்றுக்குக் குடல் வெளியே கிடந்தது. இன்னொன்றுக்குக் காது இல்லை. மூன்று ஆடுகளின் உடம்பில் காயமே தெரியவில்லை. மற்ற ஆடுகள் ஒரு மூலையில் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தன.

அவர் மனைவி ஓடி வந்தாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, எத்தனை போச்சு?"

"ஏழு போச்சு, பெரியப்பா. அதிலே ரெண்டு சினை."

"செந்நாய்தான். மலையிலிருந்து இறங்கியிருக்கு. வேறே எது இப்படிக் கிழிக்கும்?"

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது!

இது ஏதோ ஓர் ஊரில் ஒரு நாள் நடந்த கதை அல்ல. வருசநாட்டில், கூடலூரில், போடி மலையடிவாரத்தில் எந்த ஊரிலும் எந்த நாளும் நடக்கக்கூடிய கதை. ஏழு ஆடு என்றால் இன்றைய விலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. மகளின் படிப்புச் செலவோ, அடகில் இருக்கும் நகையோ, அந்தப் பட்டிக்குள்தான் இருந்தது. ஆத்திரம் வராதா? ஆத்திரத்தில் சிலருக்கு நினைவு வருவது, வயலுக்கு வாங்கி வைத்த குருணை மருந்து. செத்த ஆட்டின் வயிற்றுக்குள் ஒரு பிடி போட்டு மலையடிவாரத்தில் வைத்துவிட்டால், கொன்றவன் திரும்பி வரும்போது அவனும் ஒழிவான் அல்லவா?

ஆனால் கொன்றவன் யார்? அதைத்தான் நாம் விசாரிக்கப் போகிறோம்.

மலையும் மாடும்

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேற்கே கேரள எல்லை மலைகள். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே முல்லைப் பெரியாறு பாய்ந்து வரும் பச்சை வயல், வாழை, தென்னை, திராட்சைத் தோட்டம். வீட்டு வாசலில் நின்று தலையைத் தூக்கினால் காடு தெரியும். இங்கே ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலி மட்டுமே. சில இடங்களில் அதுவும் இல்லை.

இந்த மண்ணுக்கு என்றே ஒரு மாடு உண்டு. மலைமாடு என்று பெயர். சிறிய உடம்பு, இரும்புக் கால், மலைச் சரிவில் ஆடு போல் ஏறும். இந்த மாடுகளைக் கூட்டம் கூட்டமாக மலையில் மேய்த்து வந்து, அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை போடுவார்கள். சாணமும் கோமியமும் வயலுக்கு உரம். உழவர் கொடுக்கும் காசு மாட்டுக்காரருக்குப் பிழைப்பு. மாட்டைத் தெய்வமாகவே நினைக்கும் பூமி இது. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று அங்கே கூட்டத்தைப் பார்க்க வேண்டும். தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு கன்றுகளைக் கொண்டுவந்து விடுவார்கள்.

இப்போது மலையில் நிலைமை மாறிவிட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். அடுத்த ஆண்டே, மேகமலை மேய்ச்சல் பற்றிய வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 2022 மார்ச்சில் ஒரு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது. மாட்டுக்காரர்கள் துடித்துப் போனார்கள். பிறகு அதே மாதத்தில் அந்தத் தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது. ஆனால் மேகமலை அந்த வரம்புக்குள்தானே இருக்கிறது! ஆகவே பாட்டன் காலத்திலிருந்து மேய்த்த சரிவு, பேரனுக்குப் பூட்டிக் கிடக்கிறது.

இந்த வருத்தம் உள்ளே இருக்கும்போது, பட்டியில் ஒரு ஆடு செத்தால் கோபம் யார் மேல் பாயும்? மலை மேல் பாயும். மலையில் உள்ள பிராணி மேல் பாயும்.

சீட்டி அடிக்கும் நாய்

செந்நாயைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. செங்கல் நிற உடம்பு. கரிய நிறத்தில் புதர் போன்ற வால். வட்டமான காது. எடை பதினைந்து கிலோ அளவுதான். நல்ல வெள்ளாட்டுக் கிடாயைவிடக் குறைவு. நம் வீட்டு நாய்க்கு வாயில் 42 பல். செந்நாய்க்கு 40 தான். அது குரைப்பதில்லை. ஒன்றையொன்று கூப்பிடச் சீட்டி அடிக்கிறது! காட்டில் மனிதன் அடிக்கும் சீட்டியோ என்று ஏமாந்து போவோம்.

தனியே அது சாது. ஐந்து, பத்து என்று கூட்டமாகச் சேர்ந்தால் எமன். தன்னைவிடப் பத்து மடங்கு கனமுள்ள மிளாவையும் சாய்த்துவிடும்.

செந்நாய்க்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. புலியும் சிறுத்தையும் கழுத்தைப் பிடித்து மூச்சை நிறுத்திய பிறகே தின்னும். செந்நாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. இரை விழுவதற்குள் வயிற்றைக் கிழித்துத் தின்னத் தொடங்கிவிடும். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இதைக் கண்டு, "இது கொடிய பிராணி" என்று முடிவு கட்டினார்கள். தாங்கள் சுட வைத்திருந்த மான்களை அது தின்றுவிடுகிறதே என்ற வயிற்றெரிச்சலும் கூடவே இருந்தது! செந்நாயைக் கொன்று வந்தவனுக்குச் சர்க்கார் பரிசு கொடுத்த காலம் உண்டு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குச் சட்டத்தின் துணை கிடைத்தது. இன்று உலகம் முழுவதும் சேர்த்தால், குட்டி போடும் வயதுள்ள செந்நாய்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தாலே அதிகம் என்று நிபுணர்கள் 2015-இல் மதிப்பிட்டார்கள். புலியைவிட அபூர்வமான பிராணி!

எச்சத்தில் கிடைத்த மான் மயிர்

செந்நாயின் வாழ்க்கையை முதன்முதலாக ஒழுங்காக ஆராய்ந்தவர் ஒரு தமிழர் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். அவர் நாங்குநேரியில் பிறந்த டாக்டர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976-இல் பந்திப்பூர் காட்டுக்குப் போனார். சுமார் இரண்டு ஆண்டுகள் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார். அது எங்கே தூங்குகிறது, எப்போது வேட்டையாடுகிறது, குட்டிக்கு எப்படி ஊட்டுகிறது என்று எல்லாவற்றையும் எழுதினார். அது போட்ட எச்சத்தையும் விடவில்லை. பொறுக்கி எடுத்து, அதில் உள்ள மயிரை ஆராய்ந்தார். 2024-இல் காலமாகும் வரை காட்டைச் சுற்றிய மனிதர் அவர்.

அவர் கண்டது என்ன? செந்நாயின் முக்கிய உணவு புள்ளிமான். அடுத்தது மிளா. பிறகு நாகரகொளை முதலிய காடுகளில் ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். மான் நிறைந்த தென்னாட்டுக் காடுகளில், செந்நாயின் எச்சத்தில் ஆட்டு மயிரும் மாட்டு மயிரும் அபூர்வமாகவே கிடைத்தன.

இன்னொரு வேடிக்கை. செந்நாய் அடித்த மானை, காட்டோர மனிதர்கள் கூச்சல் போட்டு விரட்டிவிட்டு, கறியைத் தூக்கிக்கொண்டு போவதையும் ஜான்சிங் பார்த்தார். யார் யாரிடம் திருடியது, பாருங்கள்!

மற்றொரு முக்கியமான சங்கதி: செந்நாய் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். விடியற்காலையும் மாலையும் அதற்கு உகந்த நேரம். நடு இரவில், ஊர் நடுவே உள்ள பட்டிக்குள் வந்து ஆட்டைக் கடித்துவிட்டுத் தின்னாமல் போவது அதன் வழக்கம் அல்ல.

அப்படியானால் செந்நாய் முழு நிரபராதியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மான் குறைந்த இடத்தில் அதன் கண் கன்றுக்குட்டி மேல் விழும். அருணாசலப் பிரதேச மலைகளில் வளர்ப்பு மாடான மிதுனை அது அடிப்பதுண்டு. காட்டுக்குள் மேயும்போது பின்தங்கிவிட்ட கன்றை நம் மலையிலும் அது அடிக்கக்கூடும். மாடு பெருத்து மான் மேய இடமில்லாமல் போனால், பசிக்கிற செந்நாய் எதைத் தின்னும்?

கண்ணுக்குத் தெரியாத கொலையாளிகள்

சரி, செந்நாயை ஒரு பக்கம் நிறுத்திவைப்போம். நம் ஆடு மாடுகள் உண்மையில் எதனால் சாகின்றன?

ஆட்டுக்காரர் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆட்டுக்கொல்லி நோய். பெயரே போதும், மூக்கு ஒழுகி, வயிறு கழிந்து, ஒரே வாரத்தில் பாதிப் பட்டியைக் காலி செய்துவிடும். துள்ளுமாரி இன்னொன்று. மழை பெய்து புதுப்புல் முளைத்ததும் ஆடு ஆசையோடு வயிறு முட்டத் தின்னும். வயிற்றுக்குள் ஒரு கிருமி விஷத்தைக் கக்கும். கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். மாலையில் துள்ளி விளையாடியது, காலையில் விறைத்துக் கிடக்கும். மாட்டுக்கு கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான். வாய்க்கால் ஓரத்து ஈரப் புல்லில் ஈரல் புழு. இளம் சோளப் பயிரைத் தின்றால் அதிலே ஒரு நஞ்சு. மலையில் இடி விழுந்தால் மரத்தடியில் ஒதுங்கிய மந்தை மொத்தமும் போய்விடும்.

பழைய காலத்து வெக்கை நோயை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். ஊர் ஊராக மாடு செத்து விழும். அந்த நோய் காட்டுக்குள்ளும் புகுந்து 1968-இல் முதுமலை, பந்திப்பூர் காட்டுமாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 1995-இல். அதுவும் நம் தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்தது. ஒழித்தது தடுப்பூசி. ஆனால் நோய்கள் ஓயவில்லை. 2022-இல் தோல் கழலை நோய் வடநாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. ஒரு லட்சம்! 

இப்போது ஒரு விஷயத்தை யோசியுங்கள். துள்ளுமாரியில் குட்டி இரவு பத்து மணிக்குச் சாகிறது. நடு இரவில் நாயோ நரியோ வந்து வயிற்றைக் கிழிக்கிறது. காலையில் நாம் என்ன பார்க்கிறோம்? கிழிந்த உடம்பைப் பார்க்கிறோம். "விலங்கு கொன்றுவிட்டது" என்கிறோம். கொன்றது ஒன்று, தின்றது வேறொன்று!

அமெரிக்காவிலும் இதே வழக்கு

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் கொயோட் என்று ஒரு பிராணி இருக்கிறது. நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று சொல்லலாம். அங்கே மாடு செத்தால், பண்ணைக்காரர் முதலில் திட்டுவது கொயோட்டைத்தான். ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் அதைக் கொல்கிறார்கள்.

அந்நாட்டு விவசாய இலாகா 2015-ஆம் ஆண்டுக்குக் கணக்கெடுத்தது. செத்துப்போன பெரிய மாடுகளில் நூற்றுக்குச் சுமார் 98, நோய், முதுமை, பிரசவக் கோளாறு, பனி, மழை முதலியவற்றால் செத்தவை. கன்றுகளில் நூற்றுக்குச் சுமார் 89 அப்படி. விலங்கு கொன்றது மீதிதான். அந்த மீதியில் கொயோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டின் கதை வேறு. அங்கே சாகும் ஆட்டுக்குட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் விலங்குகளுக்கு இரை. ஆடு சிறிய பிராணி அல்லவா? ஆகவே ஆட்டுக்காரர் பயப்படுவது வீண் பயம் அல்ல.

தோலுக்கு அடியில் சாட்சி

நம் பட்டிக்குத் திரும்புவோம். ஏழு ஆடு கிடக்கிறது. கால்நடை டாக்டர் வருகிறார். அவர் என்ன பார்ப்பார் தெரியுமா?

முதலில், தோலை உரித்துப் பார்ப்பார். உயிரோடு இருக்கும்போது பல் பட்டால், தோலுக்கு அடியில் இரத்தம் கட்டி, சதை கன்றிப் போயிருக்கும். செத்த பிறகு கடித்தால் அப்படி இருக்காது. பிணத்தில் இரத்தம் ஓடுவதில்லையே! இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

அடுத்து, கடி எங்கே என்று பார்ப்பார். சிறுத்தை என்றால் கழுத்தில் ஆழமான பல் துளைகள் இருக்கும். உடலை மறைவிடத்துக்கு இழுத்துக்கொண்டு போன தடம் இருக்கும். அடைத்த பட்டிக்குள் புகுந்துவிட்டால் சிறுத்தையும் சில சமயம் பலவற்றைக் கொன்று போடுவதுண்டு. ஆனால் கழுத்துக் கடி காட்டிக் கொடுத்துவிடும். செந்நாய்க் கூட்டம் என்றால் மிச்சமே இருக்காது. சில நிமிடத்தில் ஒரு மானையே எலும்பும் தோலுமாக்கிவிடும் கூட்டம், ஏழு ஆட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகுமா?

தெருநாய் என்றால்? பின்னங்கால், வால், காது, விலா என்று கண்ட இடமெல்லாம் கடி. தின்றது கொஞ்சம், குதறியது அதிகம். ஆடுகள் மிரண்டு ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மூச்சுத் திணறிச் சில சாகும். காயமே இல்லாமல் மூன்று ஆடு கிடந்ததே, நினைவிருக்கிறதா?

ஆம். குற்றவாளி மலையிலிருந்து இறங்கவில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிறான்!

தெருநாய்க்குப் பசி மட்டும் காரணம் அல்ல. விரட்டுவது அதற்கு விளையாட்டு. ஆடு ஓட ஓட வெறி ஏறும். கொங்கு நாட்டில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் குதறி, விவசாயிகள் செத்த ஆடுகளை வைத்துக்கொண்டு மறியல் செய்தார்கள். அதன் பிறகுதான், 2025-இல், தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கும் நஷ்ட ஈடு தர அரசு முன்வந்தது.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காட்டு விலங்கு கொன்றது என்று ருசுவானால் வன இலாகா பணம் கொடுக்கும். நாய் கொன்றது என்றால் நெடுங்காலம் எவரும் கொடுத்ததில்லை. ஆகவே ஆடு இழந்தவருக்கு "செந்நாய்" என்று சொல்லத் தோன்றும். பணம் கொடுக்க வேண்டியவருக்கு "தெருநாய்" என்று சொல்லத் தோன்றும். இரண்டு பேரையும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. சாட்சி சொல்ல வேண்டியது செத்த ஆடுதான். அதனால்தான், டாக்டர் வரும்வரை உடலை நகர்த்தாதீர்கள், கால் தடத்தை மிதிக்காதீர்கள் என்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டியே வரும்.

பூட்டான் செய்த தவறு

விஷம் வைக்க நினைப்பவர்கள் பூட்டான் கதையைக் கேட்க வேண்டும். இமயமலையில் உள்ள சின்ன நாடு. செந்நாய் மாட்டை அடிக்கிறது என்று 1970-களிலும் 80-களிலும் அங்கே விஷம் வைத்தார்கள். செந்நாய் ஏறக்குறைய அற்றுப் போயிற்று. மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களா? இல்லை! காட்டுப்பன்றி பெருகிவிட்டது. அதைத் தின்ன ஆள் இல்லையே! நெல்லையும் சோளத்தையும் பன்றிக் கூட்டம் துவைத்துப் போட்டது. 1990-களில் செந்நாய்கள் மெல்லத் திரும்பி வந்தன.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்குக் காட்டுப்பன்றி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தைச் சுற்றி மின்சார வேலி போடுவது எதற்காக?

மேலும், விஷத்துக்கு முகம் தெரியாது. அந்த ஆட்டைத் தின்பது செந்நாய்தான் என்று என்ன நிச்சயம்? நரி தின்னும். காகம் தின்னும். நம் வீட்டு நாயும் தின்னும்.

கோம்பை நாய்

வீட்டு நாய் என்றதும் கோம்பை நினைவு வருகிறது. உத்தமபாளையத்துக்கு அருகே உள்ள கோம்பை, நாய்க்குப் பேர் போன ஊர். கோம்பை நாய்க்குச் செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய். அந்தி வெளிச்சத்தில் தூரத்தில் பார்த்தால் செந்நாயோ என்று சந்தேகம் வரும்! காட்டு விலங்கிடமிருந்து மந்தையைக் காக்கவே பழைய நாளில் அதை வளர்த்தார்கள். குட்டியிலிருந்தே ஆட்டோடு பழகிய நாய் ஆட்டைத் தொடாது. சோறு போட ஆள் இல்லாமல், கறிக்கடைக் கழிவைத் தின்று ருசி கண்ட நாய் வேறு ஜாதி. அது பகலில் டீக்கடை வாசலில் வாலாட்டும். இரவில் ஐந்தாறு சேர்ந்துகொண்டு பட்டிப் பக்கம் போகும். அதற்கு வரும் வெறிநோயும் மற்ற நோய்களும், மலையோரத்தில் செந்நாய்க்கும் தொற்றுகின்றன. ஆக, செந்நாய் நமக்குச் செய்யும் கெடுதலைவிட, நம் நாய் செந்நாய்க்குச் செய்யும் கெடுதல் பெரிதோ என்னவோ!

பட்டியில் டாக்டர் வேலையை முடித்துவிட்டார். கை கழுவ ஆட்டுக்காரரின் மனைவி தண்ணீர் ஊற்றுகிறாள்.

"என்னங்கய்யா, செந்நாய்தானே?"

"இல்லேம்மா. ஊர் நாய்ங்கதான். நாலஞ்சு வந்திருக்கும். உங்க படல் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கு, பாருங்க. அது வழியாத்தான் நுழைஞ்சிருக்கு."

அவள் புருஷனைப் பார்க்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லை. கூரை இடுக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த குருணை மருந்துப் பொட்டலத்தைத் திரும்பவும் கூரையிலேயே செருகுகிறார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு, படலுக்கு அடியில் வைத்துக் கட்ட வேலிமுள் வெட்டப் போகிறார்.